ஓட்டியவர் பெயர்

கடலூர்
6.10.2025

அன்பு மகள் வித்யாவுக்கு,

ஹாஸ்டலில் வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேச முடியவில்லை, அம்மா பக்கத்திலேயே இருக்கிறாள். அதனால்தான் கடிதம். நீ எழுதினாலும் கம்பெனி விலாசத்துக்கே போடு.

கார் இன்சூரன்ஸ் விசாரணைக்கு ஒருவர் உன்னைப் பார்க்க வருவார். "அப்பாதான் ஓட்டுனாரு, நான் பக்கத்துல ஒக்காந்திருந்தேன்" என்று மட்டும் சொல். போலீசிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உனக்கு லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தால், காரில் அடிபட்ட அந்த மீன்காரம்மாவுக்குத் தர வேண்டியதை நம் தலையில் கட்டிவிடுவார்கள். உன் மேல் கேஸும் வரும். படிப்பை முடித்து வேலைக்குப் போக வேண்டியவள் நீ.

புதுச்சத்திரம் தாண்டி ஸ்டியரிங்கை உன்னிடம் கொடுத்தது நான்தானே. தப்பு என்னுடையது.

உன் அப்பா,
பூவராகன்

சிதம்பரம்
11.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்சூரன்ஸ்காரர் வந்தார். நீங்கள் சொன்னபடியே சொன்னேன், ஒரு வார்த்தை மாறவில்லை. "படிக்கிற பொண்ணு, தெளிவா பேசுறம்மா" என்று பாராட்டிவிட்டுப் போனார். ரூமுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

மீன்கூடையோடு ரோட்டைக் கடந்த அந்தம்மாவின் பெயர் இருசம்மாள். இன்சூரன்ஸ்காரர் கொண்டுவந்த ஃபைலில் பார்த்தேன். அதுவரை பெயரைக்கூட நான் கேட்கவில்லை அப்பா.

அம்மா உங்களிடம் பேசுகிறாளா?

வித்யா

கடலூர்
15.10.2025

வித்யா கண்ணு,

பேசுகிறாள், திட்டுவதற்கு மட்டும். "இருவத்திரண்டு வருசமா சிப்காட்டுக்கு கம்பெனி பஸ்ல ஆள ஏத்திட்டுப் போற மனுசனுக்கு, பட்டப்பகல்ல ஒரு பொம்பள போறது தெரியலயா?" என்கிறாள். கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கேஸ் முடியும்வரை பஸ்ஸைத் தொட வேண்டாம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கேட்டில் உட்கார்ந்து வண்டி நம்பர் எழுதுகிறேன். என் பஸ்ஸை ஸ்ரீதர் எடுக்கிறான். "தம்பி, பாத்து ஓட்டு, பூவராகன் அண்ணன் மாதிரி ஆயிடப் போவுது" என்று ஷிப்ட் ஆட்கள் சிரிக்கிறார்கள். விளையாட்டுக்குத்தான்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே. தீபாவளிக்கு வந்துவிடு.

அப்பா

சிதம்பரம்
27.10.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

தீபாவளிக்கு வராததற்கு, அம்மாவிடம் போனில் சொன்ன பரீட்சை காரணமில்லை. உங்கள் எதிரில் நிற்க முடியாமல்தான் வரவில்லை.

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருசம்மாளின் காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். நான் யாரென்று சொல்வதற்குள் அவரே, "ஓட்டுனது நீதானே பாப்பா?" என்றார். தலையை ஆட்டினேன். "நான்தான் பாத்தேனே. உங்கப்பாரு வந்து என் கால புடிச்சிகிட்டு அழுதாரு, பொண்ணு பொழப்பு போயிடும்னு. சரி, யாரு ஓட்டுனதுன்னு பாக்கலன்னு போலீசுகிட்ட சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டார். காரால் இடித்தவளிடம் கேட்கிறார், அப்பா.

இன்று ஸ்டேஷனில் நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டேன். இன்சூரன்ஸ் ஆபீசுக்கும் அனுப்பிவிட்டேன். பொய் சொன்னதற்கு உங்கள் மேலும் கேஸ் வரும் என்றார்கள். தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். முதலில் உங்களிடம் சொல்லியிருந்தால் தடுத்திருப்பீர்கள். நானும் அதுதான் சாக்கு என்று நின்றிருப்பேன்.

திட்டியாவது எழுதுங்கள்.

வித்யா

கடலூர்
1.11.2025

வித்யா,

உன் கடிதத்தைக் கேட்டில் வைத்தே படித்தேன். முதலில் கோபம்தான் வந்தது. பெற்றவனைக் காட்டிக் கொடுத்துவிட்டாளே என்று. இரண்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றன, நம்பர் எழுதத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "கால ஒடச்சதும் இல்லாம, அந்தம்மாவையும் பொய் சொல்ல வச்சிட்டீங்களா?"

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாத பெண்ணிடம் வண்டியைக் கொடுத்தேன், பொய்யாக எழுதிக் கொடுத்தேன் என்று நானே சொல்லப் போகிறேன். அம்மாவும் வருகிறாள். நீயும் பஸ் ஏறி வந்துவிடு.

என் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நீ தயங்க வேண்டாம். எனக்குத்தான் உன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

அப்பா