பூம்பாறை வாசலில் வேப்பிலை

வத்தலக்குண்டு
8-12-1957

அன்புள்ள மதினிக்கு வேலுத்தாய் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

பூண்டு லாரி ஓட்டும் செல்லப்பாண்டி நேற்று எங்கள் டீக்கடைக்கு எதிரில் உள்ள வேப்பமரத்தில் ஏறிக் கட்டுக் கட்டாக இலை ஒடித்தான். யாருக்கப்பா என்று கேட்டேன். "பூம்பாறைக்குத்தாங்க. ஒங்க மதினிதான் கேட்டு விட்டிருக்காங்க. இது ரெண்டாவது தடவங்க" என்கிறான். மலைக்கு மேலே வேப்பமரம் கிடையாது, கீழிருந்துதான் போகவேண்டும், சரி. ஆனால் யாருக்கு அம்மை? அண்ணனுக்கா? என் அம்மாவுக்கா? பெற்ற மகளுக்கு லாரிக்காரன் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

அம்மாவின் மூச்சிளைப்பு எப்படி இருக்கிறது? உடனே பதில் போடுங்கள். இல்லாவிட்டால் நானே புறப்பட்டு வந்துவிடுவேன்.

உங்கள் நாத்தனார்
வேலுத்தாய்

பூம்பாறை
12-12-1957

அன்புள்ள வேலுத்தாய்க்கு விசாலாட்சியின் ஆசிகள். அத்தை நன்றாக இருக்கிறார்கள். உன் அண்ணனும் நானும் அப்படியே.

நீ இப்போது வரவேண்டாம். தை பிறக்கட்டும், பனி குறையட்டும், நானே ஆள் விட்டு அழைத்துக்கொள்கிறேன். வேப்பிலை விஷயம் நேரில் பேசவேண்டியது. உனக்கு வரும் காகிதத்தை உன் மாமனார் கடையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நம் ஊர்க்காரர்கள் இறங்கியதும் டீ குடிப்பது அந்தக் கடையில்தான். அதனால் மேலே கேட்காதே. பிள்ளைகளுக்குக் காதை மூடித் துணி கட்டு.

உன் மதினி
விசாலாட்சி

வத்தலக்குண்டு
23-12-1957

மதினிக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. நேற்று நீங்கள் தோட்டத்தில் இருந்த நேரம் வந்து போனேன். வாசலில் வேப்பிலை தொங்குகிறது, உள்ளே கடுகு தாளித்த வாசனை வருகிறது! அம்மை கண்ட வீட்டில் எவளாவது தாளிப்பாளா? அண்ணனைக் கேட்டால், "எனக்கென்ன தெரியும், ஒன் மதினியக் கேளு" என்று மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டார்.

அம்மா பூண்டு தொங்கும் உள்ளறையில் தனியாகக் கிடக்கிறாள். தனித் தட்டு, தனி டம்ளர். என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏத்தா, என்னயப் பட்டியில போட்டு அடைச்சிருக்கா. யாருக்கு அம்மைன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறா. ஊருல நாலு துட்டி விழுந்துபோச்சு. சோலையம்மா செத்ததுக்குக்கூட நான் போயி அழுகல" என்றாள். கன்னத்தோடு கன்னம் வைத்து இரண்டு பேரும் அழுது தீர்த்தோம். ஒரே தட்டில் சாப்பிட்டோம்.

வெளி ஆள் வரக்கூடாது, அம்மாவும் வெளியே போகக்கூடாது. எதற்கு இந்த ஏற்பாடு? அம்மா பேரில் இருக்கும் மேல்காட்டுக்குக் கைநாட்டு வாங்கத்தானே? சாட்சிக்கு ஒருத்தரும் இருக்கக்கூடாது என்றுதானே?

பிள்ளைகள் இரண்டும் காய்ச்சலில் கிடப்பதைக்கூடப் பாராமல் வந்தேன். பஸ் ஏறும்போதே எனக்கும் தொண்டை கட்டியிருந்தது. இப்போது உடம்பெல்லாம் வலி. ஆனாலும் விடமாட்டேன். மாமனாரைக் கூட்டிக்கொண்டு மறுபடி வருவேன்.

வேலுத்தாய்

பூம்பாறை
27-12-1957

வேலுத்தாய்க்கு,

இதைத் தபாலில் போடவில்லை. செல்லப்பாண்டி கையில் கொடுத்தனுப்புகிறேன். நீ மட்டும் படி.

இங்கே யாருக்கும் அம்மை இல்லை. பொய்தான். கார்த்திகையில், இருமலோடு தொற்றும் இந்த விஷக்காய்ச்சல் மலையேறி வந்தது. இளவட்டங்கள் படுத்து எழுந்துவிட்டார்கள். போனவர்கள் எல்லாம் வயதானவர்கள். கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மாவைக் கேட்டேன். "வயசானவங்க, அதுவும் இளைப்புக்காரங்க, கும்பல்ல போகக்கூடாதுங்க. இருமுறவங்களக் கிட்ட விடாதீங்க. தட்டு டம்ளர் தனியா வையுங்க, குளிர் ஏறாம பாத்துக்கோங்க" என்றார்கள்.

இதை உன் அம்மாவிடம் யார் சொல்வது? எந்தத் துட்டி என்றாலும் முதல் ஆளாகப் போய்க் கட்டிப்பிடித்து அழுகிறவர். போகாதீர்கள் என்றால், ஊர் காறித் துப்பும் என்பார். துட்டிக்குப் போகாவிட்டாலும் ஊர் கோபிக்காது என்றால், அது வீட்டில் அம்மை கண்டிருந்தால்தான். அதனால் வேப்பிலையைக் கட்டினேன். யாருக்கு என்று கேட்டவர்களிடம், ஆத்தா விஷயத்தை வாசலில் நின்று கேட்கக்கூடாது என்று வாயை அடைத்தேன். மாரியாத்தாள் என்னை மன்னிக்கட்டும்.

தாளித்தது என் தப்பு. "தாளிக்காத கொழம்ப எத்தன நாளைக்குத்தான் திங்கிறது" என்று அத்தை முனகினார், மனசு கேட்கவில்லை. கைநாட்டாம் கைநாட்டு! அந்தக் கல்லுக்காட்டை நீயே வைத்துக்கொள்.

வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல், உனக்கும் தொண்டை கட்டு. அதோடு வந்து கன்னத்தோடு கன்னம் வைத்தாயே! நேற்று முதல் அத்தைக்குக் கடும் காய்ச்சல். மூச்சு இழுக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

விசாலாட்சி

வத்தலக்குண்டு
30-12-1957

மதினிக்கு,

எதை நம்புவது? ஊரையே ஏமாற்றியவர் நீங்கள். இந்தக் காய்ச்சலும் இன்னொரு வேப்பிலையா? நான் வராமல் இருக்கச் செய்யும் வேலையா?

நானே எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறேன். மாமனாரும் படுத்துவிட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றே வைத்துக்கொண்டாலும், என்னால்தான் என்று எப்படிச் சொல்வீர்கள்? இருமுகிற தோட்டத்து ஆட்களோடு நிற்கிறவர் நீங்கள். நீங்கள்தான் கொண்டுவந்திருப்பீர்கள். செல்லப்பாண்டி அம்மாவைத் தன் கண்ணால் பார்த்து வந்து சொல்லட்டும். அப்போது நம்புகிறேன்.

வேலுத்தாய்

பூம்பாறை
9-1-1958

வேலுத்தாய்க்கு,

செல்லப்பாண்டி அறைவாசலில் நின்று பார்த்தான். இந்தக் காகிதத்தை அவனேதான் கொண்டு வருகிறான், கேட்டுக்கொள். கண்டம் தாண்டிவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டது. ஆள்தான் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார்.

கண் விழித்ததும் அத்தை கேட்டது ஒன்றுதான். "யாருடி இத எங்கிட்டக் கொண்டாந்தது?" நீ எழுதியிருந்த பதில்தான் கைவசம் இருந்தது. "நாந்தான் அத்தை. தோட்டத்து ஆளுங்ககிட்ட இருந்து வந்திருச்சு" என்றேன். உடனே நம்பிவிட்டார். இத்தனை வருஷத்தில் நான் சொன்ன எதையும் அவர் இவ்வளவு வெரசாக நம்பியதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து நான் கொடுக்கும் கஞ்சியைத் தொடுவதில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். உன் அண்ணன் கொடுத்தால் இரண்டு வாய், அதோடு சரி. இப்படியே போனால் காய்ச்சல் விட்டும் பிழைக்கமாட்டார்.

உனக்குக் காய்ச்சலும் இருமலும் நன்றாக விட்ட பிறகு வா. முன்னால் வராதே. வெந்நீர் போட்டு வைக்கிறேன், குளித்துவிட்டு உள்ளே போ. பூண்டு உரித்து வைத்திருக்கிறேன், அதைப் போட்டுக் கஞ்சியைக் குழையக் காய்ச்சி உன் கையால் கொடு. நீ வரும் நேரம் நான் தோட்டத்தில் இருந்துகொள்கிறேன். வாசலில் வேப்பிலை இல்லை, அவிழ்த்துவிட்டேன்.

அழுகிற அழுகையில் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடாதே. உன் கையையும் தள்ளிவிட்டால், அப்புறம் யார் கையால் குடிப்பார்?

உன் மதினி
விசாலாட்சி