டிவி ஆன்ட்டி போட்டால் வலிக்காது

அன்புள்ள வாயாடிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புதன்கிழமை பேசியதோடு சரி, அதற்குப் பிறகு நீ போனை எடுக்கவே இல்லை. உன் தம்பி இன்று ராத்திரி பஸ்ஸில் உன்னைப் பார்க்க வருகிறான் என்று தெரிந்ததும், அவன் கையிலேயே கொடுத்தனுப்பலாம் என்று இதை எழுதுகிறேன். நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்காரச் சொல்லியிருக்கிறேன். அவனைத் திட்டாதே.

கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று இரண்டு நாள் பொறுத்தேன். ஆறவில்லை.

உன் கம்பெனி எடுத்த பயிற்சிப் படத்தை ஆஸ்பத்திரியில் எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று அன்றே சொன்னேன். நீ இங்கே வேலையில் இருந்தபோதிலிருந்தே எத்தனை வருடமாகப் பயிற்சி வேண்டும் என்று கேட்டோம், நினைவிருக்கிறதா? தம்பியோ தங்கையோ இறந்துபோனதை ஒரு குழந்தையிடம் எப்படிச் சொல்வது, பேசவே பேசாத பிள்ளையை ஸ்கேன் அறைக்குள் எப்படி அழைத்துப் போவது, இதையெல்லாம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுச் சொல்லித் தாருங்கள் என்று மேலிடத்தில் கெஞ்சினோம். அப்போதெல்லாம், பொம்மை வைத்து விளையாட்டுக் காட்டுவதற்கு எதற்குப் பயிற்சி என்று சிரித்தார்கள். வார்டில் நம்மைப் 'பொம்மை டீச்சர்' என்று கூப்பிடுவதை அவர்கள் உண்மையாகவே எடுத்துக்கொண்டார்கள் போல. ஊசிக்கும் கட்டு மாற்றுவதற்கும் முன்னால் பிள்ளைகளைத் தயார்ப்படுத்த அந்தப் பொம்மையை வைத்து நாம் என்ன செய்கிறோம் என்று ஒரு நாளாவது வந்து பார்த்திருக்கிறார்களா?

கடைசியில் பயிற்சி வந்தது. ஒரு படம், அதன் முடிவில் இருபது கேள்வி, அப்புறம் ஒரு சான்றிதழ். கம்ப்யூட்டரைத் திறந்தால் நீ நிற்கிறாய். வெள்ளைக் கோட்டு, வாரிவிட்ட தலை, முகமெல்லாம் சிரிப்பு. உன்னைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பக்கத்தில் இருந்த நர்ஸைக் கூப்பிட்டு, இவள் என் சிநேகிதி என்று பெருமை அடித்துக்கொண்டேன். அடுத்த நிமிஷம், காலில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பையன், கட்டு மாற்றினால் வலிக்குமா என்று கேட்கிறான். நீ அவன் கன்னத்தைத் தட்டி, "கொஞ்சம்கூட வலிக்காதுடா கண்ணா" என்கிறாய். பின்னால் புல்லாங்குழல் வேறு.

அவன் நடிக்க வந்த பையன். கட்டுக்கு அடியில் அவனுக்குப் புண்ணே கிடையாது. அவனுக்கு எப்படி வலிக்கும்?

கேள்வித்தாளிலும் அதேதான். குழந்தை வலிக்குமா என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும்? வலிக்கும், எப்படி வலிக்கும் என்று சொல்லுவேன், கூடவே இருப்பேன் என்று இருந்த பதிலைத் தேர்ந்தெடுத்தேன். தவறு என்று சிவப்பில் வந்தது. மறுபடியும் அதையே அழுத்தினேன், மறுபடியும் சிவப்பு. பயிற்சி அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "மேடம், எதுக்கு வம்பு? அவங்க சொல்றத டிக் பண்ணிட்டுப் போங்களேன்" என்றார். இத்தனை வருடம் வேலை பார்த்து, என் வேலையிலேயே நான் ஃபெயில்.

அதைத்தான் புதன்கிழமை உன்னிடம் சொன்னேன். நீ என்ன சொன்னாய்? "ஸ்கிரிப்ட்ல இருந்துச்சுடி, நான் என்ன பண்றது?" என்றாய். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். வேலையில் சேர்ந்த புதிதில் நம் இருவர் கையிலும் பிளாஸ்திரியை ஒட்டி, நீயே என் முடியோடு சேர்த்துப் பிய்த்தாயே. நமக்கு எப்படி இருக்கிறது என்று தெரியாமல் பிள்ளைகளிடம் பேசக் கூடாது என்று அடம் பிடித்தாய். 'சுரீர்னு இருக்கும், அப்புறம் அடங்கும்' என்ற வார்த்தையே நீ கண்டுபிடித்ததுதான். அதை இன்றைக்கும் இங்கே எல்லோரும் சொல்கிறோம். இந்த ஆஸ்பத்திரியில் யாராவது எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்றால் அது நீதான். அந்த வாயா இதைச் சொன்னது?

இதுவரைக்கும் என் கோபம். இனி எழுதப்போவது உனக்குத் தெரியாது. அது வியாழக்கிழமை நடந்தது.

மூன்றாம் கட்டிலில் ஒரு மகாராணி இருக்கிறாள். ஆறு வயது. கால் முழுக்க வெந்நீர் கொட்டி வந்தவள். பெரிய டாக்டரையே செருப்பை வெளியே கழற்றிவிட்டு வரச் சொல்லுவாள், அவரும் கழற்றுவார். முதல் நாள் அலறியவள், பொம்மைக் காலில் தானே கட்டுப் போட்டுப் பார்த்து, கட்டு நனைய எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று தன் வாயாலேயே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டாள். அவள் கையை உயர்த்தினால் நர்ஸ் நிறுத்த வேண்டும். அதுதான் எங்களுக்குள் பேச்சு. அழுவாள், ஆனால் காலை நீட்டிக்கொடுப்பாள்.

பயிற்சி அதிகாரிக்கு உன் படம் ரொம்பப் பிடித்துப்போய், பெற்றோரும் பார்க்கட்டும் என்று வார்டு டிவியில் ஓடவிட்டுவிட்டார். மகாராணி பார்த்திருக்கிறாள். வியாழக்கிழமை காலையில் நான் பொம்மையோடு போய் நின்றேன். அவள் பொம்மையைப் பிடுங்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை நான் யாரிடமும் கண்டதில்லை.

"நீங்க போட்டாதான் வலிக்குது. எனக்கு டிவி ஆன்ட்டி வரணும். அவங்க போட்டா வலிக்காது."

நான் என்ன சொல்லட்டும்? அவங்க சொன்னது பொய் என்றேன். நீங்கதான் பொய் என்றாள். நம்பமாட்டேன் என்று காலை மடக்கிக்கொண்டாள். கட்டு மாற்றுவதைத் தள்ளிப்போட முடியாது, புண் சீழ் பிடித்துவிடும். நான்கு பேர் பிடித்தார்கள். அவள் கையை உயர்த்தப் பார்த்தாள், அந்தக் கையையும் பிடித்திருந்தார்கள். அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை, அப்பாவைக் கூப்பிடவில்லை. கட்டு முடியும்வரை டிவி ஆன்ட்டி, டிவி ஆன்ட்டி என்று உன்னைத்தான் கூப்பிட்டாள். அவளுடைய அப்பா வராந்தாவில் நின்று, அந்த மேடத்தை ஒரு நாள் வரவழைக்க முடியுமா என்று என்னிடம் கேட்டார். நான் பாத்ரூமுக்குப் போய் அழுதேன்.

பயிற்சி அதிகாரியிடம் சொன்னால், பிள்ளைகள் எவ்வளவு நம்புகிறார்கள் பார்த்தீர்களா என்று பூரித்துப்போகிறார். அந்த ஆளை என்ன செய்வது? சான்றிதழ் வாங்காதவர்களை ஒன்றாம் தேதிக்குப் பிறகு வார்டுக்குள் விடமாட்டார்களாம். விடாமல் போகட்டும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன். படத்தை நிறுத்தச் சொல்லி உன் கம்பெனியோடு நீ சண்டை போட வேண்டும், அதையும் கேட்கத்தான் போகிறேன், ஆனால் இன்றைக்கு இல்லை.

திங்கட்கிழமை காலை அவளுக்கு மறுபடியும் கட்டு மாற்ற வேண்டும். அதற்குப் பிறகும் வாரக்கணக்கில் மாற்ற வேண்டும். ஒவ்வொரு தடவையும் நான்கு பேர் பிடிப்பதா?

நீ ஊரை விட்டுப் போனதையோ வேறு வேலைக்குப் போனதையோ நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. யாராலும் இந்த வேலையை ஆயுள் முழுக்கப் பார்க்க முடியாது. படம் எடுத்தவர்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னாய், அவ்வளவுதான் என்று நீ நினைத்திருப்பாய். நீ எழுதிய வரி இல்லை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தது உன் முகம்தான்.

அதனால் இதைப் படித்ததும் எழுந்திரு. கோட்டு வேண்டாம், தலை வார வேண்டாம். ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து, அவளோடு பேசுவதுபோலவே பேசி, போனில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு. நீ சொன்னது தப்பு என்று சொல். பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொண்டால் பிள்ளைகள் மன்னித்துவிடுவார்கள், அது உனக்கே தெரியும். கோபம் இருந்தால் என்னிடம் காட்டு, அவளிடம் காட்டாதே. ஞாயிறு சாயங்காலத்துக்குள் வந்தால் போதும், நான் அவள் கட்டிலில் உட்கார்ந்து சேர்ந்து பார்ப்பேன்.

நீ நன்றாக இரு. உன் வாய்க்கு ஒரு குறையும் வரக் கூடாது. நீ அனுப்பும் படத்தைப் போட்டதும் அவள் ஒன்றுதான் கேட்பாள், வலிக்குமா ஆன்ட்டி என்று. அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, அவள் கேட்டு முடிக்கும்வரை காத்திரு. பிறகு பதில் சொல்லடி.

அன்புடன்,
இன்னும் உன்மேல் கோபமாக இருக்கும் பொம்மை டீச்சர்