மண்டியிடும் வண்டி

ஜூலை 6, 2008. ஞாயிறு.

தூறல், விட்டு விட்டு.

எழுதவே வெட்கம். காலையில் எங்கள் குடியிருப்பு மேஜர் தேஷ்பாண்டேயின் வண்டிக்கு அடியில் லுங்கியோடு மல்லாந்து கிடந்தவன் நான்தான். செத்துவிட்டேன் என்று நினைத்து வாட்ச்மேன் காலைப் பிடித்து இழுத்தான். லுங்கி வந்த அளவுக்கு நான் வரவில்லை. எழுந்து நின்றதும் கொஞ்சம் ஏமாற்றத்தோடு பார்த்தான். மேலே பால்கனியில் மேஜரின் மனைவி. இனி எங்கள் வானவடி ஏரியா முழுக்க இதுதான் செய்தி.

பார்க்கப் போனது ஏர் சஸ்பென்ஷனை. மேஜருடையது பெரிய வெளிநாட்டு எஸ்.யூ.வி. பழசு, பம்பாயில் வாங்கியது. விற்கப் போகிறார். இரும்புச் சுருளுக்குப் பதில் சக்கரத்துக்கு ஒரு ரப்பர் பை, உள்ளே காற்று. பள்ளத்தின் அடியைப் பை வாங்கிக்கொள்ளும், முதுகு வரை வராது. பட்டனை அமுக்கினால், ஆள் ஏற வசதியாக வண்டியே தாழ்ந்து மண்டியிடும். கோயிலில் நான் மண்டியிட்டுப் பத்து வருஷம் ஆகிறது.

ஆசை எனக்கு, சாக்கு என் மனைவி ஸ்டெல்லா. அவளுக்கு முதுகில் டிஸ்க் விலகல். ஈஸ்டர் அன்று கோந்த்வா சாலை ஸ்பீட் பிரேக்கரில் எங்கள் குட்டிக் கார் தூக்கிப் போட்டதில் அழுதே விட்டாள். அதன்பின் அதில் ஏறவில்லை. நாசிக்கில் மகள் பிரிசில்லாவுக்கு ஆகஸ்டில் பிரசவம். முதல் பிரசவம். நேர் ரயில் பாதை கிடையாது, பஸ்ஸை நினைக்கவே வேண்டாம். மகள் தினமும் போனில் கேட்பது ஒன்றே: அம்மா வருவாளா? ஸ்டெல்லா போனை என் கையில் தருகிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஜூலை 8. செவ்வாய்.

பேய்மழை. கரண்ட் இல்லை. மாவு புளித்துவிட்டது.

மேல்மாடி செந்திலிடம் ஆலோசனை. கோயம்புத்தூர்ப் பையன், சாஃப்ட்வேர். கார் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பவன்.

"வேண்டாங்க அங்கிள். பை ஓட்டையாச்சுன்னா சாமான் பம்பாய்ல இருந்துதான் வரோணும். அதுவரைக்கும் வண்டி படுத்தேதான் கெடக்கும்." எழுந்து வாசல் வரை வந்தபின், "ஆனா ஒருக்கா ஏறி உக்காந்து பாத்துட்டீங்கன்னா விடமாட்டீங்க."

இதற்குப் பெயர் ஆலோசனை. தூக்கம் வராமல் காகிதத்தில் எழுதினேன்.

வேண்டும்: முதுகு. மண்டியிடுவது. ஞாயிறு கோயில் வாசலில் நான் இறங்கும்போது சபைச் செயலாளர் முகம் போகும் போக்கு.

வேண்டாம்: ரிப்பேர். பார்க்கிங்.

ஸ்டெல்லா கண்ணில் படுமே என்று செயலாளரை மட்டும் அடித்துவிட்டேன்.

ஜூலை 10. வியாழன்.

மழை விட்டிருந்தது. பால் வாங்கக் கீழே போனால், மேஜர் வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாகத் தரையோடு தரை. குட்டையில் படுத்த எருமை மாதிரி. மேஜர் வந்தார். நாலு பக்கமும் பார்த்தார். ஸ்டார்ட் செய்தார். உஸ் என்று சத்தம், மெல்ல எழுந்து நின்றது. ஆக, தினமும் விடிந்ததும் வண்டியை உறும விடுவது இன்ஜின் ஆரோக்கியத்துக்கு அல்ல. பை ஒழுகுகிறது.

நான் தூணுக்குப் பின்னால், கையில் பால் பாக்கெட்.

ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை. சொன்னால் வண்டி போச்சு. பால்காரனிடம் சொல்லிவிட்டேன், யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு வயிறு ஊதிவிடும்.

ஜூலை 12. சனி.

வெயில், அதிசயமாக. வண்டி ஓட்டிப் பார்க்கும் நாள்.

வண்டி மண்டியிட்டது, ஸ்டெல்லா ராணி மாதிரி ஏறினாள். பக்கத்தில் மேஜர், ஓட்டியது நான். கோந்த்வா சாலை, அதே ஸ்பீட் பிரேக்கர். கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏற்றினேன். அவள் வெளியே ஏதோ புடவைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏறுனதே தெரியலை" என்றாள். கொஞ்சம் கழித்து, "நாசிக் போயிரலாம் போல."

கண் கலங்கியிருந்தது. நான் குதித்திருக்க வேண்டும். கண்ணாடியை மேல்பக்கம் திருப்பிவிட்டேன்.

மத்தியானம் சாப்பாட்டில் ரசம் ஊற்றிக்கொள்ளும்போது வாயிலிருந்து வந்துவிட்டது: ராத்திரியில் அந்த வண்டி உட்கார்ந்துவிடுகிறது.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"வியாழக்கிழமை."

"நடுவழியில உக்காந்துட்டுன்னா, அங்க வலியில கெடக்குத பிள்ளைகிட்ட என்ன சொல்லுவிய?"

திட்டவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 15. செவ்வாய்.

ஆபீஸில் ஒரே பைலை மூன்று தடவை படித்தேன். சாயங்காலம் மேஜரிடம் பை ஒழுகுகிறது, வண்டி வேண்டாம் என்றேன். எப்படித் தெரியும் என்றார். தூண் என்றேன். சிரித்துவிட்டார். வண்டிக்கும் தனக்கும் ஒரே வியாதி, காலையில் எழுந்திருக்க நேரமாகிறது என்றார். இப்படிப்பட்ட ஆளைப் பற்றிப் பால்காரனிடம் சொன்ன வாய்க்குப் பினாயில் ஊற்ற வேண்டும்.

பிரிசில்லா போன். ஸ்டெல்லா என்னிடமே தந்தாள்.

ஜூலை 19. சனி.

சாரல். மாப்பிள்ளை போன்: பனிக்குடம் உடைந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். இரண்டு வாரம் முன்னாலேயே.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஸ்டெல்லா வீட்டில் இல்லை. கீழே குட்டிக் கார் பக்கத்தில் நிற்கிறாள், பையோடு. அந்தப் பை எப்போதிலிருந்து கட்டித் தயாராக இருந்ததோ.

"உன் முதுகு?"

"அதுவும் எங்கூடத்தான வருது. எடுங்க வண்டிய."

பால்கனியிலிருந்து பார்த்த மேஜர், ஸ்டெல்லா முதுகுக்கு ஒரு தலையணையோடு இறங்கி வந்தார். போகிற போக்கில் எங்கள் டயரில் விரலால் தட்டினார். நின்றார். எவ்வளவு காற்று என்று கேட்டார். நாற்பத்தைந்து என்றேன், பெருமையாக. முதல் நாள் பயிற்சிக்குச் செருப்போடு வந்தவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். குந்தி, நாலு சக்கரத்திலும் மூன்றில் ஒரு பங்குக்குமேல் காற்றைப் பிடுங்கி விட்டார். "யே டயர் நஹீ, பத்தர் ஹை" என்றார் ஸ்டெல்லாவிடம். இது டயர் இல்லை, கல்; கல்லின் மேல் உட்கார்ந்தால் யார் முதுகும் வலிக்கும் என்றார்.

ஜூலை 20. நாசிக்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். மூக்கு என்னுடையது, பாவம்.

ஸ்டெல்லா வழியில் நாராயண்காவ் தாண்டித் தூங்கியவள், சின்னர் ஊருக்குள் இருக்கும் ஸ்பீட் பிரேக்கர்களில்கூட விழிக்கவில்லை. இப்போது மகள் கட்டிலருகே ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

தலையணை எடுக்கக் காருக்குப் போனேன். டயர் கல் மாதிரி இருந்தால் பெட்ரோல் செலவு குறையும் என்று ஆபீஸில் யாரோ சொன்னதைக் கேட்டு, புத்தாண்டிலிருந்து நாற்பத்தைந்து அடிக்கச் சொல்பவன் நான். டிரைவர் கதவோரம் கம்பெனி ஒட்டிய சின்னத் தாள். டயர் காற்று: 28. ஆறு வருஷமாக அந்தக் கதவைத்தான் திறந்து மூடுகிறேன்.