அத்தை எடுத்துப்போன டப்பா

பூசானில் இருக்கும் உங்களுக்கு,

எனக்குச் சமைக்கத் தெரியாதென்று, உங்கள் அம்மாவை இங்கேயே வந்து தங்கச் சொன்னீர்களாம். அத்தை நேற்று பெட்டியோடு வந்துவிட்டார்.

அவித்து உரித்த முட்டைகளைப் பூண்டும் பச்சைமிளகாயும் போட்ட சோயா சாஸில் கொதிக்கவிட்டு, முதல் நாளே ஊறவைத்திருந்தேன். நம் மகள் ஹேவொன் அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றிக் கலந்து சாப்பிட்டுவிட்டு, மறுபடியும் சோறு கேட்டாள்.

அத்தையும் ஒரு முட்டையை வாயில் போட்டார்.

"எந்தக் கடையில வாங்கின?"

"நான்தான் அத்தை செஞ்சேன்."

"படிச்ச பொண்ணுக்கு இதெல்லாம் எங்க வரும்?"

"நான்தான் பாட்டி உரிச்சுக் கொடுத்தேன்" என்றாள் ஹேவொன்.

அத்தை இன்னொன்றை எடுத்தார். இன்று காலை, "இனி எனக்கு இங்க என்ன வேலை?" என்று கிளம்பிவிட்டார்.

இருபது வருடமாக அவருடைய தொடுகறி டப்பாக்கள்தான் நம் ஃப்ரிட்ஜுக்கு வந்தன. இன்று மீதி முட்டைகளோடு நம் டப்பா அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. முட்டை வேண்டுமானால் அவரிடம் கேளுங்கள்.

உங்கள் மனைவி