வாசலை அளக்க மறந்த தேரும் கயல்துறைச் சுடுமண் பெருமானும்

அறம் ஓங்குக. ஆறுகள் கரை மீறாமல் நிறைந்து ஓடுக.

கடல் தந்த முத்தும் வயல் தந்த நெல்லும் ஒரே முற்றத்தில் காயும் கானலங்கரை நாட்டின் காவலரும், ஏழு துறைமுக விளக்குகளுக்கு எண்ணெய் வார்ப்பவரும், கொடுத்த சொல்லைத் திருப்பி விழுங்காதவருமாகிய முகிற்கோ வேந்தர் பெருமானின் திருமுன்பு, முப்பத்தெட்டு ஆண்டு பேரமைச்சனாக இருந்து, ஆறாண்டாக இளைப்பாறி, இளைப்பாறியே களைத்துப்போன நெடுஞ்சாத்தன், கயல்துறையிலிருந்து தலை தாழ்த்தி வரைந்த ஓலை.

தங்கள் திருமேனி நலம் பெறுக. தங்கை நங்கையாரின் மணப்பந்தல் நலமுற எழுக. இங்கே யாவரும் நலம். எருதுகள் நலம். தேரும் மிக நலம். அது ஒரு கீறல்கூட இல்லாமல் நலமாக நிற்பதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முறையாக விண்ணப்பிக்கிறேன். தாங்கள் அமர்ந்து கேட்க வேண்டும்.

சென்ற தைத் திங்கள் நிச்சய விருந்தில், குன்றவாயில் வேந்தர் வேங்கைவேள், நங்கையாரோடு பொன் வேண்டா, யானை வேண்டா, கயல்துறைப் பௌத்தப் பள்ளியில் அமர்ந்திருக்கும் சுடுமண் புத்தர் பெருமான் ஒருவரே சீர்வரிசையாகப் போதும் என்று கேட்டதையும், தாங்கள் பாயசக் கிண்ணத்தைக்கூடக் கீழே வைக்காமல் தந்தோம் என்று அருளியதையும் அவையோர் அனைவரும் அறிவர். இளமையில் தொடையில் வேல் பாய்ந்து, ஆற்றோடு மிதந்துவந்து கரை ஒதுங்கிய வேங்கைவேளை அந்தப் பள்ளியில்தான் பதினெட்டு நாள் கிடத்தித் தேற்றினார்கள். அந்த நன்றி அவர் நெஞ்சில் இன்னும் ஈரமாக இருக்கிறது. வைகாசி முழுநிலவுக்குள் பெருமான் குன்றவாயில் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் கானலங்கரையின் சொல் பொய்த்ததாகும்.

இப்பணிக்கென்று அடியேனை அழைத்துத் தங்கள் கணையாழியையும் விரலில் இட்டு, இது முடியும் வரையில் உமது ஆணையே எமது ஆணை என்று உரைத்தீர்கள். அந்தச் சொற்களைத் தாங்கள் மறவாதிருக்க வேண்டும். இவ்வோலையின் கடைசியில் அவை தேவைப்படும்.

ஆணை பெற்றதும் அடியேன் செய்த தேரைப் பற்றிச் சொல்லாவிட்டால் கை அரிக்கும். பதினாறு உருளைகள். ஒவ்வோர் அச்சும் ஒரு முழு மரம். இழுப்பதற்கு நாற்பது எருதுகள்; வழியில் பார்த்தவர்கள் நூறு என்கிறார்கள், பார்த்தவர்களை மறுத்துப் பேச அடியேன் யார்? அச்சின் கிறீச்சொலி கேட்டு மூன்று ஊர்ப் பசுக்கள் பால் சுரக்க மறந்தன. எழுந்த புழுதியில் ஒரு நண்பகல் முழுதும் சேவல்கள் விடியல் என்று நினைத்துக் கூவின. சுங்கத் தோரணங்கள் இரண்டை இடித்து அகலமாக்கினேன். ஒரு வளைவில் தலையாரி வீட்டு அடுக்களைச் சுவர் தடுத்தது. அதையும் இடித்து, முன்னினும் பெரிதாகக் கட்டிக் கொடுத்தேன். தலையாரியின் மனைவி, திரும்பி வரும்போது மறுபக்கச் சுவரையும் இடித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொண்டாள்.

பெருமானைப் பெற்றுக்கொண்டோம் என்று எழுதித் தரும் உரிமையோடு, வேங்கைவேளின் தாய்மாமன் கொற்றனார் எங்களோடு வந்தார். மெல்லச் சிரிப்பவர், விரைந்து உண்பவர், நான் சொன்ன கதைகளில் பாதியை நம்பியவர். நல்ல வழித்துணை. தேவைப்பட்டால் உதவட்டும் என்று தாங்கள் அனுப்பிய கல்லறுப்போர் ஐவரும் உடன் வந்தார்கள். எதற்குத் தேவைப்படும் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

இவ்வாறு இருபத்திரண்டு நாள் நடந்து, ஊரே திரண்டு நிற்க, பள்ளியின் முன்னே தேரை நிறுத்தினோம். பள்ளிக்கு ஒரே வாசல். அதன் அகலம் ஒன்றரை முழம்.

கொற்றனார் பக்கவாட்டில் நுழைந்தார். பாதியில் நின்றார். எருதோட்டிகள் இருவர் பின்னிருந்து தள்ளியதும் உள்ளே போய் விழுந்தார். அடியேன் குனிந்து நுழைந்து நிமிர்ந்தேன். நிமிர்ந்தபின் வாய் திறக்கவில்லை. நெடுஞ்சாத்தன் வாய் திறக்கவில்லை என்றால் அது எத்தகைய வடிவம் என்பதைத் தாங்களே உய்த்துணரலாம்.

அமர்ந்த கோலத்தில் ஏழு முழ உயரம். செங்காவி பூசி, ஆற்றுக் கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து ஏற்றிய மெருகு. நானூறு மழைக்காலம் கடந்தும் மாதுளை முத்துப்போல் மின்னுகிறது. ஆடையின் மடிப்பை மூங்கில் சிம்பால் இழுத்திருக்கிறார்கள். தோளில் தொடங்கிய கோடு கை தூக்காமல் முழங்கால் வரையில் ஓடுகிறது. பாதி மூடிய இமையை ஓர் ஈர்க்கால், ஒரே கீற்றில் வகிர்ந்திருக்கிறார்கள். கல்லென்றால் தவறிய உளித்தடத்தைச் சற்று ஆழமாக்கி மறைத்துவிடலாம். இந்த மண்ணில் கை நடுங்கியிருந்தால் நடுக்கம் அப்படியே வெந்து நின்றிருக்கும். நடுக்கம் எங்கும் இல்லை. தலைமயிர்ச் சுருள்கள் நானூற்றுப் பன்னிரண்டு. மூன்று முறை எண்ணினேன், மூன்று எண்ணிக்கை வந்தது; அவற்றுள் பெரியதை எழுதியிருக்கிறேன்.

தோளை நூல்பிடித்து அளந்தோம். நான்கு முழம். வாசலை அளந்தோம். ஒன்றரை முழம். நூல் சுருங்கிவிட்டதோ என்று மறுபடியும் அளந்தோம்.

ஒரு நாட்டை முப்பத்தெட்டு ஆண்டு நடத்தியவன், அரசாங்கத் தச்சர் எழுபது பேர், வழிநெடுக இடிபட்ட சுவர்கள், இத்தனைக்கும் நடுவே, வாசல் எவ்வளவு என்று கயல்துறையில் ஒருவரைக் கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, வேந்தே.

அப்போது சூளைக்காரர்களின் தலைவி சேந்தி என்பவள், முழங்கை வரையில் களிமண்ணோடு வாசற்படியில் வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். எங்கள் நூலையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். கொற்றனார் அவளிடம், "இவ்வளவு பெரிய பெருமானை இந்தச் சந்து வழியா எப்படிம்மா உள்ளே கொண்டாந்தீங்க?" என்று கேட்டார்.

"நாங்க எங்கேய்யா கொண்டாந்தோம்? பெருமான் பொறந்ததே இங்கேதான். அவருக்கு எதுக்கு வாசல்? வாசல் உங்களுக்கு" என்றாள் சேந்தி.

வெளியே நின்ற ஊர் சிரித்தது. எருதோட்டிகள் சிரித்தார்கள். எல்லாரிலும் உரக்கச் சிரித்தவன் அடியேன். ஆறாண்டாக எனக்கு இப்படியொரு நாள் வாய்க்கவில்லை.

பின்பு அவள் விளக்கினாள். குளத்துக் களியை உமி கலந்து மிதித்து, திரி திரியாக உருட்டி, உள்ளே வெற்றிடமாக, நான்கு விரல் கனத்தில், இதே இடத்தில் அந்நாளையோர் பெருமானை வளர்த்தார்கள். ஈரத்துணி போர்த்தி நாற்பது நாள் மெல்ல உலரவிட்டார்கள். பின்பு அவரை அசைக்காமல் அவரைச் சுற்றியே சூளைச் சுவர் எழுப்பி ஒன்பது பகல் எரித்தார்கள். வெந்து தணிந்ததும் சூளையின் தலையைத் திறந்து கூரை வேய்ந்தார்கள். அந்தச் சூளைதான் இந்தப் பள்ளி. விறகு தள்ளிய வாய்தான் நாங்கள் குனிந்து நுழைந்த வாசல். உட்சுவர் கண்ணாடிபோல் உருகிக் கறுத்திருப்பதைக் கையால் தடவிப் பார்த்தேன். அப்படியானால் சுவரை இடித்து எடுக்கலாமே என்றார் கொற்றனார். பீடமும் முதுகும் சுவரோடு சேர்ந்து வெந்து ஒன்றாகிவிட்டன, சுவர் விழுந்தால் அவரும் விழுவார் என்று சேந்தி விடையிறுத்தாள்.

எஞ்சிய வழி ஒன்றே. கல்லறுப்போர் எதற்கு என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்களின் தலைவன் கரித்துண்டை எடுத்துப் பெருமானின் இடையில் ஒரு கோடும், வலச்செவிக்குப் பின்னால் ஒரு கோடும் போட்டான். முதுகைச் சுவரிலிருந்து அறுத்தெடுத்து, வாசலில் நுழையும் அளவுத் துண்டுகளாக்கி, குன்றவாயிலில் அரக்கு வைத்துப் பொருத்திவிடலாம் என்றான்.

வெளியே சிரிப்பு நின்றது. வேந்தே, அந்தச் சுருள்களின் செய்தியை இங்கே சொல்லவேண்டும். மண் ஈரமாயிருந்தபோது, கயல்துறையில் வீட்டுக்கு ஒருவர் வந்து ஒரு சுருளை உருட்டிப் பெருமானின் தலையில் ஒட்டிக் கட்டைவிரலால் அழுத்தினார்களாம். ஒவ்வொரு சுருளிலும் ஒரு கைரேகை இருக்கிறது. இவ்வூரில் வீடு கேட்டால் தெருவைச் சொல்லமாட்டார்கள். நெற்றி வரிசை வீடு, இடச்செவி வீடு, பிடரி வீடு என்பார்கள். பெண் கேட்டு வந்தால் முதலில் எந்தச் சுருள் என்றே கேட்பார்கள். சேந்தியின் சுருள் வலச்செவிக்குப் பின்னால். கரிக்கோடு அதன் நடுவே போயிருந்தது.

அவள் அழவில்லை, கூவவில்லை. அறுக்குமுன் ஒரு பானையை அறுத்துக் காட்டும்படி மட்டும் கேட்டாள். வீட்டிலிருந்து ஒத்த பானைகள் இரண்டைக் கொண்டுவந்தாள். ஒன்றைக் கல்லறுப்போன் மிக நேர்த்தியாக அறுத்து, அரக்கிட்டுப் பொருத்தினான். பொருத்து கண்ணுக்குத் தெரியவில்லை, கைகாரன்தான். சேந்தி இரண்டையும் கொற்றனார் முன்னே வைத்து, சந்தையில் பானை வாங்குகிறவர் எல்லாரும் செய்வதுபோல் விரல் முட்டியால் தட்டச் சொன்னாள். முழுப்பானை கணீர் என்றது. ஒட்டியது சொத்தென்றது.

"எந்தப் பானையை வாங்குவீங்க, ஐயா?" என்று கேட்டாள்.

கொற்றனார் எழுந்துபோய்ப் பெருமானின் மார்பில் விரல் முட்டியால் மெல்லத் தட்டினார். அந்த நேரம் ஆற்றுக்காற்று ஏறும் பிற்பகல். பெருமானின் பிடரியில் ஒரு சுருள் மட்டும் இல்லை. நெருப்பு மூச்சுவிட அக்காலத்தோர் விட்ட துளை அது. கூரைச் சாளரத்தின் வழியே வந்த காற்று அத்துளையில் பட்டதும், உள்வெளி முழுதும் நிறைந்து, தாழ்ந்த ஒரு ரீங்காரம் எழுந்தது. மிகையாகச் சொல்லும் பழக்கத்தை அடியேன் ஓரமாக வைத்துவிட்டுச் சொல்கிறேன்: என் நெஞ்செலும்பு அதனோடு சேர்ந்து அதிர்ந்தது.

கொற்றனார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தம் மருமகன் அப்பதினெட்டு நாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், வலியில் கண் திறக்க முடியவில்லை, தலைமாட்டில் யாரோ இடைவிடாமல் என்னைத் தேற்றிக்கொண்டே இருந்தார்கள் என்று சொல்வதுண்டாம். அவர் யார் என்று இத்தனை ஆண்டு யாருக்கும் விளங்கவில்லையாம்.

"என் மருமவன் கேட்டது முகத்தை இல்லே, அமைச்சரே. இதைத்தான். அறுத்துக் கொண்டுபோனா, அவன் கேட்டதைத் தவிர மத்ததெல்லாம் வந்து சேரும்" என்றார். சொல்லிவிட்டுத் தம் மேலாடையால் கரிக்கோட்டைத் தாமே துடைத்தார்.

அதன்பின் எல்லாம் எளிதாயிற்று. குன்றவாயில் மலைக்கணவாயில் ஆண்டு முழுதும் காற்று உண்டு. அங்கே ஒரு பெருமானை வளர்த்தால் இரவும் பகலும் பாடுவார் என்றாள் சேந்தி. தானும் தன் சூளை ஆட்கள் பன்னிருவரும் வருவதாகச் சொன்னாள். மண் மட்டும் கயல்துறைக் குளத்து மண்ணாக இருக்கவேண்டும். அவ்வளவு மண்ணை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டாள்.

வேந்தே, அடியேன் வாழ்நாளில் இவ்வளவு இனிய கேள்வி ஒன்றை யாரும் என்னிடம் கேட்டதில்லை. பதினாறு உருளைத் தேரைத் திரும்பிப் பார்த்தேன். தேரும் என்னைப் பார்த்தது.

இதோ இவ்வோலை எழுதும் வேளையில் தேர்மேல் மண் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊரே கூடையோடு வரிசையில் நிற்கிறது. கல்லறுப்போர் ஐவரும் மண் சுமக்கிறார்கள். குளம் ஓர் ஆள் ஆழம் கூடிவிட்டது, வருகிற கார்காலத்தில் கயல்துறை கூடுதலாக ஒரு போகம் விளைக்கும். வைகாசி முழுநிலவுக்குள் இம்மண் குன்றவாயில் சேர்ந்தால் பெருமான் சேர்ந்ததாகவே கொள்வோம் என்று கொற்றனார் தம் கையால் எழுதிக் கொடுத்த ஓலை, இதனோடு கட்டப்பட்டிருக்கிறது. தங்கள் சொல் பொய்க்கவில்லை.

சேந்தி ஒன்று மட்டும் கேட்டாள். அங்கே எழும் பெருமானின் சுருள்களைக் குன்றவாயில் மக்களே வீட்டுக்கு ஒன்றாக ஒட்டவேண்டுமாம். நெற்றியின் நடுச்சுருளை மட்டும், கேட்டதும் கொடுத்த வேந்தர் தாமே வந்து ஒட்டவேண்டுமாம். நானூறு வீட்டுக் கட்டைவிரலைப் பாயசம் உண்டபடி எடுத்துக் கொடுத்தவர், தம் விரல் ஒன்றையாவது வைக்கட்டும் என்பது அவள் சொன்னதன் சாரம். அவள் சொன்ன விதம் இதைவிடக் காரமானது; ஓலை தாங்காது.

ஆகவே, தாங்கள் இட்ட கணையாழியின் உரிமையால் அடியேன் பிறப்பித்து, தங்கள் ஆணையாகவே விளங்கும் ஆணையாவது: கயல்துறைச் சுடுமண் பெருமானின் மேல் இனி எக்காலத்தும் எந்த அரசரும் கரிக்கோடு இடலாகாது, விருந்திலும் வேட்டையிலும் மகிழ்ச்சியிலும் அவரை யாருக்கும் தந்தோம் என்னலாகாது. முகிற்கோ வேந்தர் வருகிற ஆடித் திங்கள் பத்தாம் நாள் முற்பகலில், குன்றவாயில் கணவாயில், குடையும் முரசும் இன்றி, கை கழுவி நிற்கவேண்டும். ஈர மண் யாருக்காகவும் காத்திராது.

இவ்வோலையை மண்ணில் மூடிச் சூளையில் சுட்டு அனுப்பவே முதலில் எண்ணினேன். ஓலையையும் சேர்த்துச் சுடுவீர்களா என்று சேந்தி கேட்டாள். எனவே சுட்ட மண்குழல் ஒன்றில் இதை இட்டு, வாயைக் குளத்து மண்ணால் அடைத்து, அதன்மேல் தங்கள் கணையாழியை அழுத்தி வெயிலில் காயவைக்கப் போகிறேன். முத்திரையை உடைக்காமல் இதைத் தாங்கள் படித்திருக்க இயலாது. முத்திரையைத் தம் கையால் உடைத்தவர் ஓலையின் ஆணைக்கு உடன்பட்டவர் என்பது நம் அரசவை வழக்கு. அவ்வழக்கை இருபத்தோராண்டுக்கு முன் எழுதியவன் அடியேன்.

கானலங்கரை வாழ்க. கணையாழியைக் கணவாயில் நேரில் திருப்பித் தருகிறேன். தாங்கள் கட்டைவிரலை மறவாமல் கொண்டுவருக.