பூதத்துக்கு பர்மனென்ட் வேலை

ஞாயிறு, இரவு

பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டுக்காக நானே உண்டாக்கிய மாய உலகத்தில், இன்று தோழிகள் மூவரோடு முதல் ஆட்டம். ஏழு ராஜ வம்சங்களின் வரலாற்றை அரை மணி நேரம் வாசித்தேன். மந்திரவாதியாக ஆடும் பரீதா கொட்டாவி விட்டாள். "நான் வூட்டுக்குக் கெளம்புறேன்ப்பா. இந்த ஊர்ல சாப்பிட ஒரு கடைகூட இல்லையா?"

அந்த உலகத்தை எழுதிவைத்த என் நோட்டில் கடை எதுவும் இல்லைதான். பதறிப்போய், சுரங்க வாசலில் ஒரு பரோட்டாக் கடையையும், அங்கே சாப்பிட வரும் பூதத்தையும் சொன்னேன். இருநூறு வருஷமாகக் கான்ட்ராக்டில் மண் வெட்டும் பூதம்.

"இன்னுமா பர்மனென்ட் ஆக்கல?" என்று கொதித்த பரீதா, ஆட்டத்தில் மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு நியாயம் கேட்க அரண்மனைக்கே போய்விட்டாள். சாயங்காலம் வரை ஒரே சண்டை, சிரிப்பு. என் வம்சங்களைப் பற்றி யாரும் கேட்காதது கொஞ்சம் உறுத்துகிறது. ஆனால் அந்த உலகத்தில் வாழ்கிறவர்களை நான்தான் எழுதவே இல்லை.

இப்போது பரீதாவின் மெசேஜ்: "பூதத்துக்கு எத்தனை பசங்க? குவார்ட்டர்ஸ் கேக்கணும்."

நாலு என்று பதில் போட்டுவிட்டேன். நாலுக்கும் பேர் வைக்க வேண்டும்.