உயிரோடு நிற்கும் மானுக்கு எட்டுப் பங்கு

சீசா, பலர்மோ, இத்தாலி
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் நிதர்சனுக்கு,

இஞ்சை நாங்கள் மூன்று பேரும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் கோபிக்கிறது. சுவீடன் குளிரில் நீயும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் சுகமாய் இருக்கவேண்டுமென்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் இதை எழுதத் தொடங்கினேன். போன் இருக்க அம்மா ஏன் கடிதம் எழுதுகிறா என்று நினைப்பாய். போனில் கதைத்தால் அப்பா உடனே ஸ்பீக்கரில் போடுவார், பிறகு கட்டடம் முழுக்கக் கேட்கும். இது உனக்கு மட்டும். உன் சிநேகிதி மாலினுக்கு வேண்டுமானால் வாசித்துச் சொல்லு, அவளின் அப்பாவுக்கு வேண்டாம்.

விஷயம் உன்னுடைய மான்தான். மாலினின் அப்பா உன்னை முதல்முறையாக வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார், இறைச்சி பழுதாகாமல் சுட எந்தக் குண்டு நல்லது, ஈயமா செம்பா என்று தெரியவில்லை என்று போன கிழமை சொன்னாய். மான் விழுந்தா டிசம்பர் நத்தார் லீவுக்கு இறைச்சியோடை வாறன், விழாட்டிப் பாப்பம் என்றும் சொன்னாய். அப்பாவின் காதில் இறைச்சி மட்டும் விழுந்தது. என் காதில் அந்தப் 'பாப்பம்' மட்டும் விழுந்தது.

அன்று பின்னேரமே அப்பா மானைப் பங்கு போட்டுவிட்டார். ஊரில் ஆடு அடித்தால் ஈரல், நெஞ்செலும்பு, தொடை எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்து வீட்டுக்கு ஒரு பங்கு பிரிப்பார்களே, அதே முறை. எங்களோடு சேர்த்து எங்கடை ஆட்கள் எட்டு வீடு, எட்டுப் பங்கு. மான் அங்கை காட்டில் புல்லுத் தின்றுகொண்டு நிற்கிறது, இஞ்சை அதின் ஈரல் எட்டாய்க் கிடக்கிறது. பொவெரீனோ, பாவம், அது இன்னும் நடந்து திரியுது பப்பா என்று உன் தங்கச்சி டிலக்ஷி அழாத குறை. அப்பா நினைத்துக்கொண்டிருந்தது வன்னிக் காட்டுப் பெரிய மரையை. நீ பிறகு அனுப்பின படத்தில் அந்த மான் கீழ்வீட்டுத் தில்லையம்பலம் அண்ணையின் நாயைவிடக் கொஞ்சம்தான் உயரம். அப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அது தூரத்திலை நிக்குது, கிட்டப் போனா பெரிசு என்றார்.

அந்தச் சனிக்கிழமை பங்குகாரர் எல்லாரும் எங்கள் குசினியில் கூடினார்கள். தில்லையம்பலம் அண்ணைதான் குழப்பத்தைத் தொடக்கிவைத்தார். எல்லாம் சரி சாந்தரூபன், குண்டு பட்ட இடம் ஆரின்ரை பங்கு என்று அப்பாவைக் கேட்டார். பிறகு புஸ்பவதி அக்கா, என்ரை பங்கிலை ஓட்டை இருந்தா எனக்கு வேண்டாம், சின்னப்பிள்ளையள் இருக்கிற வீடு, ஈயத்தூள் வயித்துக்குள்ளை போனா ஆர் பதில் சொல்லுறது என்றா. அப்ப ஓட்டையையும் எட்டாய்ப் பிரிப்பம் என்றார் அப்பா. ஓட்டையை எப்பிடி ஐசே நிறுக்கிறது என்று அண்ணை கேட்டார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார், பெடியனைத் தலையிலை சுடச் சொல்லும், உடம்பு முழுக்கத் தப்பும் என்று. தலைக்கறி எனக்கெண்டு முதலே சொன்னனான் என்று புஸ்பவதி அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டா. எங்கள் வீட்டில் துவக்கையும் குண்டையும் பற்றி எல்லாரும் சிரித்துச் சிரித்துக் கதைத்தது அன்றுதான் முதல்தடவை மகன். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை அப்பா கலியாண வீட்டுக்குப் போடுகிற சேட்டுப் போட்டுக்கொண்டு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயிலடிப் பக்கம் இருக்கிற துவக்குக் கடைக்குப் போனார். கடைக்காரர் துவக்கு லைசென்ஸ் கேட்க அப்பா தன் வதிவிடப் பெர்மெசோ அட்டையை நீட்டினாராம். துவக்கு எங்கை என்றால் சுவீடனிலை, சுடுகிற ஆள் எங்கை என்றால் சுவீடனிலை, மான் எங்கை என்றால் அதுவும் சுவீடனிலை. அப்ப பலர்மோவிலை என்னதான் இருக்கு என்று அந்த மனிசன் கேட்டாராம். பங்கு இருக்கு என்று அப்பா சொன்னாராம். அவர் நல்ல மனிசன், விரட்டவில்லை. சுட்டு எடுத்த பழைய குண்டுகளை மேசையில் வைத்துக் காட்டியிருக்கிறார். ஈயக் குண்டு உள்ளே போய்ப் பொடிப்பொடியாய்ச் சிதறும், செம்புக் குண்டு சிதறாமல் பூப்போல விரிந்து மற்றப் பக்கத்தால் போய்விடும், மிக வேகமாய்ப் போகிற சின்னக் குண்டு பட்டால் சுற்றிவர இரத்தம் கட்டிவிடும் என்றிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து, தோள் முழுக்க இடிச்ச கட்டைச் சம்பலாய்ப் போயிடுமாம் என்று அறிவித்தார்.

அப்பா கேட்டுவந்த கதையை மட்டும் நம்பி உன்னைக் காட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை. நான் வேலை செய்கிற வீட்டு சிஞ்ஞோராவின் அலுமாரியில் ஒரு வேட்டைப் புத்தகம் இருந்தது, கேட்டு வாங்கிப் பஸ்ஸில் வாசித்தேன். மானின் வயிற்றைத் திறந்துபோட்ட பக்கம் வந்ததும் பக்கத்துச் சீட்டில் இருந்த பெண் எழும்பிப் போய்விட்டா, நான் சீசாவரை காலை நீட்டிக்கொண்டு வந்தேன். வாசித்ததில் எனக்கு விளங்கினது இதுதான். செம்பே எடு. கடையில் இருக்கிறதிலேயே வேகமானதைத் தேடாதே, கொஞ்சம் பாரமானதும் நிதானமானதும் போதும். ஆனால் செம்பு மிக மெதுவாய்ப் போய்ப் பட்டால் விரியாதாம், ஆகவே தூரத்தில் நிற்கிறதுக்குச் சுடாதே. எல்லாக் குண்டும் எல்லாத் துவக்குக்கும் ஒத்துவராது, முதலில் கடதாசியில் சுட்டுப் பார். தலைக்குக் குறிவைக்கவே வேண்டாம், தப்பினால் தாடை உடைந்து அந்தச் சீவன் ஓடிப்போய்ப் பட்டினியில் கிடந்து சாகும். பக்கவாட்டில் நிற்கும்போது தோளுக்குச் சற்றுப் பின்னால், விலாவுக்குள்ளால். மாலினின் அப்பா தோளில் அடித்தாலும் பரவாயில்லை என்பார், அவர்களுக்கு இறைச்சி என்றால் முதுகும் தொடையும், தோளை அரைத்து உருண்டை பிடித்துவிடுவார்கள். முன்பக்கத்து எலும்பு இல்லாவிட்டால் எங்களுக்கு அது கறியே இல்லை என்று அவருக்கு முதலே சொல்லிவை.

சரி, இனி அந்தப் 'பாப்பம்'. போன வருஷமும் அப்படித்தான், கார் ஓடுகிற சோதனையில் தவறினாய், வேலை கூட என்று சொல்லி வராமல் விட்டாய். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த நாட்களில் டிலக்ஷியை முதலில் மேலே அனுப்பிவிட்டு நீ கீழ்ப்படியிலேயே நிற்பாய். உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம், சந்தையில் என்னை உன் அக்கா என்கிறார்கள், என்றாலும் உன்னை எனக்குத் தெரியும். வெறுங்கையோடு வருகிறது உனக்கு வெட்கம். எட்டு வீட்டுச் சட்டியையும் மனதில் வைத்துக்கொண்டு, இருட்டுப்படுகிற நேரத்தில், சரியாய் நிற்காத ஒரு மானுக்கு நீ அவசரத்தில் சுட்டுவிடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். கை நடுங்கினால் துவக்கைக் கீழே வைத்துவிட்டு அது போகிறதைப் பார்த்துக்கொண்டு இரு. விழுந்தால் அந்த இறைச்சியை அங்கேயே மாலின் வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள்.

இஞ்சை எட்டுப் பங்குக்கும் பல்லரோச் சந்தையில் இறைச்சிக்கடை கஜானனிடம் ஒரு ஆட்டுக்குச் சொல்லிவிட்டேன். கத்தியால் வெட்டினது, ஓட்டைப் பிரச்சினை இல்லை. ஆடு என்று உண்மையைச் சொல்லித்தான் கொடுப்பேன், தில்லையம்பலம் அண்ணை எப்படியும் மான் வாசம் அடிக்குது என்பார்.

உனக்கு விமானச் சீட்டும் எடுத்துவிட்டேன், நத்தாருக்கு மூன்று நாள் முந்தி. அப்பாவுக்கு இன்னும் தெரியாது. அந்தச் சீட்டில் பெட்டி கொண்டுவர முடியாது, காலடியில் வைக்கிற சின்னப் பை ஒன்றுதான். அதற்குள் மானின் ஒரு கால்கூட அடங்காது, அளவு பார்த்துத்தான் எடுத்தேன்.

பிள்ளையார் உன் கண்ணையும் கையையும் காக்கட்டும், அந்த மானையும் முடிந்த அளவு காக்கட்டும். சுடும்போது காதுக்கு மூடி போடு. வரும்போது சட்டைப்பைகளைத் தட்டிப் பார், சுட்ட குண்டின் வெற்றுக்கோது ஏதும் கிடந்தால் விமான நிலையத்தில் மறித்துவிடுவார்கள், பிறகு நீயும் வந்துசேரமாட்டாய்.

வழி பார்த்திருக்கும்,
அம்மா